விழுங்கும் மீனா, உடைக்கும் மீனா?

மட்டக்களப்புப் பாசிக்குடாவில் முழுகிப் பார்த்துவிட்டு வந்து, வீட்டிலும் ஒரு கடல் தொட்டி வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "சிங்கமீனோட இறால், நண்டு, ஊரி (கடல் நத்தை) எல்லாம் சேர்த்து விடலாமா?" விடலாம், ஆனால் எந்த மீனோடு எதை என்று பார்த்துத்தான் விட வேண்டும். வேட்டை மீன் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்தால் காசும் போகும், உயிரும் போகும்.

நான் முதலில் பார்ப்பது மீனின் வாயை. சிங்கமீனும் கலவாயும் இரையை முழுதாக விழுங்குகிறவை. கிளாத்தியும் பேத்தையும் கடித்து உடைக்கிறவை. இந்த ஒரு வித்தியாசத்திலேயே பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

சிங்கமீனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வாய்க்குள் அடங்கக்கூடிய, அசைகிற எதுவும் அதற்குச் சாப்பாடு. இறாலும் சின்ன நண்டும் தப்பாது. ஆனால் ஊரியை உடைக்க அதற்குப் பல் இல்லை, கடல் முள்ளெலியைத் திரும்பியும் பார்க்காது, பூ மாதிரி விரிந்து கல்லில் ஒட்டியிருக்கும் அனிமோன் என்ற கடலுயிரையும் கடிக்காது. மீன்களின் உடம்பைச் சுத்தம் செய்யும் கிளீனர் இறாலை எந்த மீனும் தொடாது என்று கடையில் சொன்னதை நம்பி இரண்டு வாங்கி விட்டேன். இரண்டு வாரம் ஒரு பிரச்சினையும் இல்லை. ஒருநாள் மாலை விளக்கை அணைக்கப் போனபோது ஒரு இறால் கல்லின் மேல் நின்று வெள்ளை மீசையை ஆட்டிக்கொண்டு நின்றது, சிங்கமீன் பக்கச் சிறகு இரண்டையும் விசிறி மாதிரி விரித்து மெல்ல மெல்ல அதை மூலைக்கு ஒதுக்கியது, நான் கையை நீட்டுவதற்குள் டக்கென்று ஒரு சத்தம், மீசை மட்டும் வாய்க்கு வெளியே தெரிந்தது, பிறகு அதுவும் உள்ளே போய்விட்டது. மற்றது ஓடு கழற்றிய இரவில் காணாமல் போனது. ஓடு கழற்றினால் இறாலின் உடம்பு மெத்தென்று இருக்கும், ஓடவும் முடியாது, அந்த நேரம்தான் அதற்கு ஆபத்து. சிங்கமீனுக்கு முன்பே பெரிய இறாலை விட்டுப் பழக்கினால் சில தொட்டிகளில் தப்பும். நான் இனி அந்த விளையாட்டுக்குப் போகமாட்டேன்.

கிளாத்தி வேறு கதை. கறுப்பு உடம்பில் பெரிய வெள்ளைப் பொட்டுக்களோடு இருக்குமே, அந்தக் கோமாளிக் கிளாத்தியின் அழகைப் பார்த்து மயங்காதவர் இல்லை. ஆனால் அது வளர்ந்தால் 50 சென்டிமீட்டர் வரை வரும், அதன் பல்லுக்கு நண்டு ஓடும் சிப்பியும் ஒரு பொருட்டே இல்லை. கிளாத்தி முள்ளெலியைத் தின்னும் விதத்தைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். முள்ளோடு மோதாது. வாயால் தண்ணீரைப் பீச்சி அதைப் புரட்டிப் போட்டுவிட்டு, முள் குறைந்த அடிப்பக்கத்தைக் கடிக்கும். அந்த அறிவை நான் மெச்சுகிறேன், ஆனால் முள்ளெலியும் ஊரியும் வேண்டும் என்றால் இந்த மீன் வேண்டாம். கிளாத்திதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் சிவப்புப் பல் கிளாத்தியை எடுங்கள். அது நீரோட்டத்தில் மிதந்து வரும் சிற்றுயிர்களைத் தின்கிற இனம், ஊரி, முள்ளெலியோடு பெரும்பாலும் ஒத்துப்போகும். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் கிளாத்தியில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குணம்.

பேத்தை பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. அதன் பல் வளர்ந்துகொண்டே இருக்கும், தேய்வதற்கு ஓடுள்ள இரை வேண்டும், ஆகவே நீங்கள் பாசி தின்ன விடும் ஊரி அதற்கு உணவுதான். பாம்பு மாதிரி உடம்புள்ள புள்ளி அஞ்சாலைக்கு மழுங்கிய பல், நண்டும் இறாலும் தின்பதற்கென்றே அமைந்தது. அனிமோனை அது சும்மா விடும், ஆனால் கற்களைப் புரட்டும், மூடியில் ஒரு விரல் இடைவெளி இருந்தாலும் விடியும்போது நிலத்தில் கிடக்கும்.

எனக்கு எது என்று கேட்டால் தயங்காமல் சிங்கமீன் என்பேன். என்னுடையது ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம், ஏறத்தாழ 550 லீட்டர். அதற்குள் ஒரு சிங்கமீன், இரண்டு முள்ளெலி, ஒரு அனிமோன், பாசி மேயப் பத்துப் பன்னிரண்டு ஊரி. ஆனால் சிங்கமீனின் முள்ளில் விஷம் உண்டு, கையை விடும்போது அது எங்கே நிற்கிறது என்று பார்த்துத்தான் விட வேண்டும். குத்திவிட்டால் 45 பாகை அளவு, தாங்கக்கூடிய சுடுதண்ணீரில் கையை அமிழ்த்தி வைத்தபடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மீன் தின்று கொல்வதைவிட நாமே கொல்வதுதான் அதிகம் என்பது என் அனுபவம். மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் செப்பு மருந்து போடச் சொல்வார்கள். லீட்டருக்கு 0.15 முதல் 0.2 மில்லிகிராம் வரையான அளவை மீன் தாங்கும். இறால், ஊரி, முள்ளெலி, அனிமோன் எதுவும் தாங்காது. செப்பு கல்லிலும் மணலிலும் ஊறிப் பிறகு மெல்ல மெல்லக் கசியும். ஆகவே மருந்து என்றால் மீனை வேறு தொட்டிக்கு மாற்றித்தான். அப்புறம், வேட்டை மீன் நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும், அந்தக் கழிவிலிருந்து வரும் நைட்ரேட் தண்ணீரில் ஏறும். மீன் சமாளிக்கும் அளவை அனிமோன் சமாளிக்காது. கிழமைக்கு ஒருதரம் தண்ணீர் மாற்றாமல் இந்தக் கூட்டை நடத்த முடியாது.

எங்கள் பக்கத்தில் அந்தத் தண்ணீரை எங்கே, எப்போது எடுக்கிறோம் என்பதும் முக்கியம். மாரி மழைக்கு, வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டிவிட்டால் வாவித் தண்ணீர் கடலோடு கலந்து கல்லடிக் கரையில் கலங்கலாக நிற்கும், உப்பும் இறங்கிவிடும். ஒரு மார்கழியில் அளக்காமல் நான்கு கான் ஊற்றினேன். சிங்கமீன் ஒன்றும் நடக்காத மாதிரி நின்றது. மறுநாள் காலை ஒரு முள்ளெலியைச் சுற்றி மணலில் கறுப்பு முட்கள் ஊசி கொட்டினது மாதிரிக் கிடந்தன. அதன் பிறகு ஐப்பசிக்கு முன்பே பாசிக்குடாப் பக்கம் போய் எடுத்து பீப்பாய்களில் மூடி வைக்கிறேன், ஒவ்வொரு முறையும் உப்பு அளக்கும் மானி 1.025 காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஊற்றுகிறேன்.