பிளேடு முனையை விட்டுக் காட்டி டார்கெட் விற்கிறார்கள், கவனம்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் பிள்ளைகளுக்கு வில்வித்தை சொல்லிக்கொடுப்பவர்கள், பள்ளிக்கூடத்துக்கு டார்கெட் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

எங்கள் பயிற்சிக் குழு கும்பகோணத்தை ஒட்டி இருக்கிறது. வைக்கோல் டார்கெட்தான் வைத்திருந்தோம். ஐப்பசி மழையில் அது ஊறி உள்ளுக்குள்ளேயே மக்கிப்போகும். மெஷின் அறுப்பு வந்தபிறகு புரி முறுக்குகிற மாதிரி நீள வைக்கோலும் கிடைப்பதில்லை. அதனால் ஃபோம் டார்கெட் தேடினோம். ஒரு வியாபாரி வேனில் ஏற்றிக்கொண்டு நேரிலேயே வந்தார். "வேட்டைக்குப் போற பிளேடு முனையே இதுல நின்னுடும் சார், உங்க பசங்க அம்பெல்லாம் எம்மாத்திரம்?" என்றார். பத்தடி தள்ளி நின்று பிராட்ஹெட் மாட்டிய அம்பை விட்டார். பொக்கென்று ஒரு சத்தம், முனை மட்டும் உள்ளே போய் நின்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அந்தச் சோதனைதான் மோசடி. அதை விளக்கமாகச் சொல்கிறேன்.

பிராட்ஹெட் என்பது விலங்கின் தோலையும் சதையையும் அறுப்பதற்குச் செய்தது. அவர் காட்டியதில் மூன்று பிளேடு, ஓர் அங்குலத்துக்கும் மேல் அகலம். அடர்த்தியான ஃபோமில் அவ்வளவு அகலத்தையும் அறுத்துக்கொண்டே போகவேண்டும், அதிலேயே வேகம் தீர்ந்துவிடுகிறது. நம் பிள்ளைகளின் அம்பு முனை எதையும் அறுப்பதில்லை, ஃபோமை ஒதுக்கிக்கொண்டு புகுகிறது. ஒதுங்கிய ஃபோம் திரும்ப வந்து தண்டை இறுக்குகிறதே, அந்த உராய்வில்தான் அம்பு நிற்கும். ஆக, டார்கெட் முன்னிருந்து பின்வரை ஒரே தரமாக இருந்தால்தான் பிடிப்பு கிடைக்கும். துணி அடைத்த சாக்கில் கதை தலைகீழ். அங்கே சாதா முனையை இழைகள் பிடித்து நிறுத்தும், பிளேடு அந்த இழைகளையே நறுக்கிக்கொண்டு போய்விடும். ஒரு பொருளில் ஒரு முனை நின்றதை வைத்து, இன்னொரு முனையும் நிற்கும் என்று சொல்லவே முடியாது. உலக வில்வித்தை விதிப்படி அம்பின் தண்டு 9.3 மில்லிமீட்டரையும் முனை 9.4 மில்லிமீட்டரையும் தாண்டக் கூடாது. அப்படியிருக்க, பயிற்சி டார்கெட்டைப் பிளேடால் சோதித்துக் காட்ட என்ன அவசியம்?

அவசியம் என்னவென்று கொஞ்ச நாளில் தெரிந்தது. ஒரு பெண் பிள்ளை ரிகர்வ் வில்லில் (நுனிகள் முன்பக்கமாக வளைந்த வில்) விட்ட அம்பு டார்கெட்டைத் துளைத்துப் பின்பக்கமாக வெளியேறிச் சுவரில் அடித்தது. கார்பன் தண்டு நீளவாக்கில் பிளந்து சிலாம்பு சிலாம்பாக நின்றது. பின்னால் யாரும் போகக் கூடாது என்று கண்டிப்பு வைத்திருந்ததால் ஓர் உயிர் தப்பியது என்றே சொல்வேன்.

டார்கெட்டைப் பக்கவாட்டில் அறுத்துப் பார்த்தோம். முன்னால் நாலு விரற்கடை மட்டும் நல்ல கெட்டி ஃபோம். அதற்குப் பின்னால் முழுக்கச் செருப்பு ஷீட்டில் வெட்டி எறிந்த துண்டுகள், நீலமும் சிவப்பும் பச்சையுமாகப் பசை போட்டு ஒட்டியவை. விரலால் நோண்டினாலே உதிர்ந்தன. அகலமான பிளேடு அந்த முன்தட்டிலேயே நின்றுவிடும் என்று அவருக்குத் தெரியும், அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார். அதுமட்டுமா, அன்றைக்குப் பிளேடு பட்ட அதே டார்கெட்டைத்தான் எங்கள் தலையில் கட்டினார். நடுவிலிருக்கும் மஞ்சள் வட்டத்துக்குக் கீழே மூன்று பக்கமாக விரிந்த வெட்டு அப்படியே இருந்தது.

போனில் கேட்டதற்கு, "வெயில்ல வச்சிருப்பீங்க, அதான்" என்றார். சித்திரை வெயிலில் ஃபோம் இளகும் என்பதும், அம்பில் உருகி ஒட்டும் என்பதும் உண்மைதான். ஆனால் எங்கள் டார்கெட் கொட்டகைக்குள் இருந்தது, அதையும் சொன்னேன். அதன்பிறகு அவர் போனை எடுக்கவில்லை. பில் என்று கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு, ஜிஎஸ்டி எண் கிடையாது. இருந்தாலும் பணம் அனுப்பிய விவரமும் அறுத்த டார்கெட்டின் படங்களும் இருக்கின்றன. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 வருடம் வரை அவகாசம் உண்டு, ஏமாந்தவர்கள் விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்றும் எனக்குப் பொறுக்கவில்லை. வேனைச் சுற்றி நின்ற இளைஞர்களிடம், கொள்ளிடக்கரை வயலில் இறங்கும் பன்றிக்கு இது நல்லா கேட்கும் என்று அந்தப் பிளேடு முனைகளையும் விற்றுவிட்டுப் போயிருக்கிறார். பன்றியால் விவசாயி படும் பாடு எனக்குத் தெரியும். ஆனால் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அனுமதியில்லாமல் அடிக்க முயன்றாலே வழக்கு. விற்றவர் போய்விடுவார், மாட்டுவது நம் ஊர்ப் பையன்.

டார்கெட் வாங்கும்போது உங்கள் வில், உங்கள் அம்பு, உங்கள் பயிற்சி தூரம் இதைத் தவிர வேறு சோதனைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விடச் சொல்லுங்கள், பிள்ளைகள் தினமும் அடிப்பது அங்கேதான். பின்பக்கத்திலிருந்தும் ஒன்று விட்டுப் பாருங்கள். உறையை அவிழ்த்துப் பக்கவாட்டைக் காட்ட மறுத்தால் அத்தோடு பேச்சை முடித்துவிடுங்கள். அந்த வேன் இப்போது மன்னார்குடி பக்கம் சுற்றுவதாக நண்பர் ஒருவர் சொன்னார்.