ஆன்லைனில் பழைய வாட்ச்: வாங்கியதும் விற்றதும்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் வாட்ச் தேடுவதை நான் நிறுத்திப் பல வருடம் ஆகிறது. சுவர்க் கடிகாரம் என்றால் இப்போதும் அங்கேதான் போவேன். கையில் கட்டுவது மட்டும் ஆன்லைனில்.

கொஞ்சம் தைரியமாக வாங்கலாம் என்றால் அது எச்.எம்.டி. தான். 1961-ல் ஜப்பான் கம்பெனி சிட்டிசனோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்தார்கள். ஜனதா, பைலட் எல்லாம் சாவி கொடுக்கிற வாட்ச். பழைய ரிப்பேர்காரர்களுக்குக் கை பழகிய மெஷின். ஆனால் 'பழைய ஸ்டாக், கட்டவே இல்லை' என்று பளபளவென்று வரும் விளம்பரங்களை நான் தொடுவதில்லை. கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு 2016-லேயே ஒப்புதல் கொடுத்துவிட்டது. அப்புறமும் கட்டாத வாட்ச் இத்தனை எங்கிருந்து வருகிறது? பாதிக்கு மேல் உதிரி பாகங்களைச் சேர்த்துப் பூட்டியதாகத்தான் இருக்கும்.

ஜப்பான் ஆட்டோமேட்டிக் வாட்சான சீக்கோ 5 வாங்குவதற்குத்தான் பொறுமை வேண்டும். ஆரஞ்சு, கிளிப்பச்சை என்று கண்ணைப் பறிக்கிற டயல் இருந்தால் மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வேன். விற்பவரிடம் மூன்று படம் கேட்பேன்: டயலில் 6 மணிக்குக் கீழே உள்ள பொடி எழுத்து, பின்மூடி, மூடியைக் கழற்றி உள்ளே மெஷின். ஒரிஜினல் டயலில் அந்த எழுத்து மெலிசாக இருக்கும், பெரிதாக்கிப் பார்த்தாலும் பிசிறு தெரியாது. பெயின்ட் அடித்ததில் எழுத்துகள் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். சிலதில் எழுத்தே இருக்காது. பின்மூடியில் எண் 7009 என்று ஆரம்பித்தால் உள்ளே மெஷினும் 7009 ஆக இருக்க வேண்டும். அதே பின்மூடியில் தனியாக இருக்கும் வரிசை எண்ணின் முதல் இலக்கம் தயாரித்த வருடத்தின் கடைசி எண், அடுத்தது மாதம். எழுபதுகளா எண்பதுகளா என்பதை மாடலை வைத்து நாம்தான் கணிக்க வேண்டும். படம் அனுப்ப இழுத்தடிப்பவரிடம் நான் விலையே கேட்பதில்லை.

விற்பது வேறு மாதிரித் தலைவலி. தேவகோட்டையில் சொந்தக்கார ஆச்சி ஒருவர், "அப்பச்சி கட்டுன வாட்ச் தம்பி, சும்மா கெடக்கு, வித்துக் குடு" என்று தன் அப்பாவின் வெஸ்ட் எண்ட் (பழைய சுவிஸ் கம்பெனி) வாட்சைக் கொடுத்தார். விளம்பரம் போட்ட கையோடு ஒருவர் ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி, கியூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் வரும் என்றார். பணம் வாங்குவதற்கு எந்த யூபிஐ-யிலும் பின் நம்பர் போட வேண்டியதில்லை. அது போதும், ஆளை பிளாக் செய்துவிட்டேன். யாராவது ஏமாந்திருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடிக்க வேண்டும்.

அப்பச்சியின் இனிஷியல் பின்மூடியில் வெட்டியிருந்தது. சம்படத்திலிருந்து கரண்டி வரை பேர் வெட்டுகிற ஊராயிற்றே! கேட்டவர்களில் சிலர் அதைப் பாலிஷ் போட்டு அழித்துத் தரச் சொன்னார்கள். தேய்த்தால் மூடியும் சேர்ந்து தேயும், முடியாது என்றேன். கடைசியில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் அந்த எழுத்துக்காகவே பேரம் பேசாமல் வாங்கினார். பெட்டியை ஒட்டுவது வரை வீடியோ எடுத்து, இன்சூரன்ஸ் போட்டு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினேன்.

ஆச்சியிடம் ஒரு டைம்பீஸும் இருக்கிறது. அதை விற்க மாட்டாராம், அலாரம் இன்னும் நன்றாக அடிக்கிறதாம்.