பவானி ஆற்றில் புழு இரைக்குக் கெண்டை: எந்த நரம்பு, எந்த ரிக்?

பவானிசாகர் அணைக்குக் கீழே சத்தியமங்கலம், கொடிவேரி வழியாகக் கூடுதுறை வரை ஓடும் பவானியில் மீசைக் கெண்டைகளைத் தூண்டிலில் பிடிக்க விரும்புவோர், கடைக்குப் போனதும் முதலில் பார்ப்பது நரம்புச் சுருளின் மேல் அச்சிட்டிருக்கும் கிலோக் கணக்கைத்தான். 8 கிலோ, 10 கிலோ என்று தடித்த நரம்பை வாங்கி, அதன் நுனியிலேயே முள்ளைக் கட்டி எறிந்துவிடுகிறார்கள். சேற்றுத் தரையுள்ள குளத்தில் மாவு உருண்டை வைத்து ரோகு பிடிப்பதற்கு அது போதும். பாறையும் ஓட்டமும் உள்ள ஆற்றில், உயிருள்ள புழுவை இரையாக வைக்கும்போது, தேர்வை மறுமுனையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் புழு, புழுவுக்கேற்ற முள், முள்ளுக்கேற்ற கிளை நரம்பு, அதற்குப் பிறகே ரீலில் சுற்றும் தாய் நரம்பு. இங்கே சந்தையில் கிடைக்கும் நரம்புகளையும் ரிக்குகளையும் (முள், கனம், நரம்பு ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டும் அமைப்புகளையும்) அந்த வரிசையிலேயே மதிப்பிடுகிறேன்.

இந்த ஈப்புழு முறையின் தாயகம் இங்கிலாந்து. அங்கே டிரென்ட், செவெர்ன் போன்ற ஆறுகளில் பார்பெல் என்னும் நான்கு மீசை மீனை ஈப்புழுவால் பிடிப்பது நெடுங்காலப் பழக்கம். செவெர்ன் ஆற்றில் அந்த மீனை 1956இல்தான் கொண்டுவந்து விட்டார்கள். பார்பெல் கூழாங்கல் தரையை மோந்து, கீழ்நோக்கிய வாயால் இரையை உறிஞ்சி எடுக்கும். நம் காவிரிப் படுகையில் வாழும் சேல் கெண்டையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது, பாறை இடுக்குகளையும் ஓட்டத்தையும் விரும்புவது. 1849இல் இயற்கையியல் அறிஞர் ஜெர்டன் இதற்கு அறிவியல் பெயரிட்டார். ஆகவே அந்த முறை நம் ஆற்றுக்கும் பொருந்துகிறது. ஆனால் இரண்டு வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். நம் தண்ணீர் வெதுவெதுப்பானது. அதோடு, எந்த இரையையும் முந்திக்கொண்டு கொத்தும் ஜிலேபி மீன் இங்கே எல்லா மடுவிலும் இருக்கிறது.

புழுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் ஈப்புழுவைத் தூண்டில் கடைகளிலேயே அளந்து விற்கிறார்கள். கொங்கு நாட்டில் கோழிக்கும் மீனுக்கும் தீவனமாக வளர்க்கப்படும் பி.எஸ்.எஃப். (பிளாக் சோல்ஜர் ஃபிளை என்னும் கறுப்பு ஈயின்) புழு அதற்கு நல்ல மாற்று. தோல் தடித்தது, முள்ளில் எளிதில் கிழியாது, ஜிலேபியின் கொத்தலையும் ஓரளவு தாங்கும். எந்தப் புழுவானாலும் மழுங்கிய பின்முனையின் தோலை மட்டும் முள் நுனியால் தொட்டுக் கோக்க வேண்டும். நடுவில் குத்தினால் சாறு வடிந்து வெறும் தோலாகிவிடும். கோபிப் பக்கம் பட்டு வளர்ப்பு நடக்கும் ஊர்களில் கூட்டிலிருந்து நூல் எடுத்தபின் மிஞ்சும் கூட்டுப்புழுவும் கெண்டைக்கு மிகச் சிறந்த இரைதான். அது தனியாக எழுதத் தக்கது.

இரண்டு அல்லது மூன்று புழுக்களைக் கோக்க 10 முதல் 14ஆம் எண் வரையுள்ள முள் வேண்டும்; எண் கூடக் கூட முள் சிறிதாகும் என்பதைப் புதியவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். நம் கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் பெரிய முள்ளில் புழு தொங்குகிறதே தவிர நெளிவதில்லை. முள் சிறிதாக இருந்தாலும் கம்பி தடிப்பாக இருக்க வேண்டும். மெல்லிய கம்பி முள், ஓட்டத்தை முதுகில் வாங்கிக்கொண்டு கீழே பாயும் இரண்டு கிலோக் கெண்டையிடம் நிமிர்ந்துவிடும்.

முள்ளைக் கட்டும் கிளை நரம்புக்கு நைலானும் ஃபுளோரோகார்பனும் போட்டியிடுகின்றன. 1971இல் ஜப்பானின் குரேஹா நிறுவனம் மீன்பிடிக்கெனக் கொண்டுவந்த ஃபுளோரோகார்பன், ஒளியை வளைப்பதில் நைலானைவிடத் தண்ணீருக்கு நெருங்கியது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, ஃபுளோரோகார்பனுக்கு 1.42, நைலானுக்கு ஏறத்தாழ 1.53. அது தண்ணீரை உறிஞ்சாது, நைலானைவிடக் கனமானது என்பதால் தரையோடு படியும், கல்லில் உரசினாலும் எளிதில் தேயாது. இவ்வளவு நன்மை இருந்தும் புழு இரைக்கு நான் நைலானையே பரிந்துரைக்கிறேன். ஃபுளோரோகார்பன் விறைப்பானது, இலேசான புழு ஓட்டத்தில் இயல்பாக அசைய அது இடம் கொடுப்பதில்லை, மீன் உறிஞ்சும்போது முள் வாய்க்குள் போகாமல் திரும்பிவிடுகிறது. 0.20 முதல் 0.22 மில்லிமீட்டர் வரையுள்ள மென்மையான நைலான் நரம்பு இந்த வேலைக்குப் பொருத்தமானது. கோடையில் மேலிருந்து நீர் திறப்பு குறைந்து, ஆறு கண்ணாடியாகத் தெளிந்திருக்கும் நாட்களில் மட்டும், அதே தடிப்புள்ள ஃபுளோரோகார்பனைச் சற்று நீளமாகக் கட்டிப் பார்க்கலாம்.

தாய் நரம்புக்கு வருவோம். பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். பின்னல் நரம்பு மெலிதாக இருந்தும் மிக வலிமையானது, ஏறத்தாழ நீளாதது, சிறு கொத்தலையும் கோலின் நுனிக்குக் கொண்டுவரும் என்று விளம்பரங்கள் சொல்வது உண்மையே. ஆனால் அந்த நீளாத் தன்மையே சிறிய முள்ளுக்குப் பகை. மீன் திடீரென்று பாயும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள இடையில் எதுவும் இல்லாததால், முள் உதட்டைக் கிழித்துக்கொண்டு வெளியேறுகிறது. மேலும் பின்னல் நரம்பு நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகளால் ஆனது; கொடிவேரிக்குக் கீழே உள்ள கருங்கல் பாறைகளின் விளிம்பில் இழுபட்டால் இழை இழையாக அறுந்து, பார்வைக்கு நன்றாகத் தோன்றும் நரம்பு ஒரு சிறு இழுப்பிலேயே அறுந்துவிடும். பாறையில்லாத மணல் துறைகளுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். பாறை மடுவுக்கு வேண்டாம்.

நைலான் நரம்பு அறுவதற்கு முன் தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூட நீளும். நீளும் நரம்பு கெண்டையின் பாய்ச்சலைத் தணிக்கிறது. 0.28 முதல் 0.30 மில்லிமீட்டர் தடிப்பு நம் ஆற்றுக்குப் போதும். இங்கிலாந்தில் பார்பெல் பிடிப்போர் பலர் டைவா சென்சார் போன்ற எளிய நைலான் நரம்பையே இன்றும் விரும்புவதற்கு, அது உரசலைத் தாங்குவதும் விலை அடக்கமாக இருப்பதுமே காரணம். நைலானுக்குக் குறைகளும் உண்டு. தண்ணீரில் ஊறினால் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் மேலோ வலுவை இழக்கும். வெயிலின் புற ஊதாக் கதிர் அதை நொறுங்கச் செய்யும். கடை வாசலில் வெயிலில் தொங்கும் சுருளை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். அச்சிட்ட கிலோவை நம்பாமல் தடிப்பைப் பார்த்து வாங்குங்கள். பெயர் தெரியாத சில சுருள்களில் அந்தக் கிலோக் கணக்கு முடிச்சுப் போட்டு நனைத்த நரம்புக்கு ஒருபோதும் பொருந்துவதில்லை. முடிச்சை இறுக்குமுன் எச்சிலால் நனைப்பது கட்டாயம், இல்லையென்றால் உராய்வின் சூட்டில் நைலான் அந்த இடத்திலேயே வலுவிழக்கும்.

ரிக்குகளில், நம் ஊர்க் கடைகளில் எதைக் கேட்டாலும் எடுத்து நீட்டுவது ஸ்பிரிங் ஃபீடர்தான். சுருள் கம்பியில் மாவைப் பிசைந்து அப்பி, சுற்றிலும் ஆறு முட்களைத் தொங்கவிடும் அமைப்பு அது. “எல்லா மீனுக்கும் இதுவே போதுமுங்க” என்பார்கள். புழுவுக்கு இது போதாது, ஏற்றதும் அன்று. ஸ்பிரிங்கில் புழு தங்காது. அதைவிட மோசமானது, ஒரு முள் வாயில் மாட்டியதும் மற்ற முட்கள் மீனின் கண்ணிலும் செவுளிலும் வயிற்றிலும் குத்துவதுதான். நரம்பு அறுந்துவிட்டால் ஆறு முட்களோடும் கனத்தோடும் மீன் பாறையில் சிக்கிச் சாகும். மீனைத் திரும்ப விட நினைப்பவர் எவரும் இதைப் பயன்படுத்தக் கூடாது.

எனக்கு முழு நிறைவு தந்தது ஓடும் ரிக். தாய் நரம்பில் ஃபீடரின் (புழுவைத் தூவும் குழலின்) வளையத்தைத் தடையின்றி ஓடும்படி கோத்து, அதன் கீழே மெத்தென்ற ரப்பர் மணி ஒன்று, பிறகு ஸ்விவல் (இரு கண்ணுள்ள சுழல் இணைப்பு), ஸ்விவலின் மறுகண்ணில் ஏறத்தாழ ஒரு மீட்டர் கிளை நரம்பு, நுனியில் ஒரே முள். மேலே நரம்பு அறுந்தாலும் ஃபீடர் கழன்று விழுந்துவிடும். மீன் சிறு முள்ளோடு மட்டும் தப்பிப் பிழைக்கும். ஃபீடர், இருபுறமும் மூடி, பக்கமெங்கும் துளை உள்ள பிளாஸ்டிக் குழல். உள்ளே போட்ட புழுக்கள் துளை வழியே ஒவ்வொன்றாக நெளிந்து வெளியேறி, ஓட்டத்தில் ஒரே கோடாக இறங்கும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே கெண்டை மேலே வரும். குளிர்ந்த ஆற்றுக்காகச் செய்யப்பட்ட ஃபீடர்களின் துளைகள் நமக்குப் பெரியவை. நம் வெதுவெதுப்பான தண்ணீரில் புழுக்கள் சுறுசுறுப்பாக இருப்பதால் விரைவிலேயே காலியாகிவிடும். பாதித் துளைகளை டேப்பால் ஒட்டிவிட்டால் இது சரியாகும். மருந்துக் குப்பியில் துளையிட்டு வீட்டிலேயே செய்துகொள்வதும் நன்றாகவே வேலை செய்கிறது.

கனத்துக்கு ஈயக்குண்டுக்குப் பதில் இரும்பு நட் கட்டுவதே நல்லது. சிறு ஈயக் குண்டுகளை விழுங்கி அன்னங்கள் இறந்ததால் இங்கிலாந்தில் 28 கிராமுக்கு உட்பட்ட பெரும்பாலான ஈயக் குண்டுகளின் விற்பனையை 1987 முதல் தடை செய்தார்கள். நம் ஆற்றங்கரையிலும் நாரையும் நீர்க்காகமும் இருக்கின்றன. நட்டை ஃபீடரோடு தாய் நரம்பைவிட மிக மெல்லிய துண்டு நரம்பால் கட்டினால், நட் பாறையில் மாட்டும்போது அது மட்டும் அறும், ஃபீடரும் மற்றவையும் திரும்பி வரும். இயல்பான ஓட்டத்தில் 30 முதல் 50 கிராம் போதும். அணையிலிருந்து கூடுதலாகத் திறக்கும்போது அதன் இரு மடங்கு வேண்டியிருக்கும். கனத்தை மாற்றியும் ஃபீடர் நிற்காமல் உருள்கிறதென்றால் ஆறு ஏறுகிறது என்று பொருள். உடனே சாமான்களை எடுத்துக்கொண்டு பாறையை விட்டுக் கரையேறிவிட வேண்டும்.

வாங்கும் இடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஈரோடு, கோவைக் கடைகளில் நைலான் நரம்பும் ஸ்விவலும் தாராளமாகக் கிடைக்கின்றன. தடித்த கம்பியுடைய 12ஆம் எண் முள்ளும் ரப்பர் மணியும் மட்டும் பெரும்பாலும் இணையத்தில் வரவழைக்க வேண்டியவை. அப்படி வரவழைக்கும்போது படத்தை மட்டும் நம்பாமல், முள்ளின் கண் கிளை நரம்பு இருமுறை நுழையும் அளவுக்கு இருக்கிறதா, கம்பியின் தடிப்பு குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று கேட்டறிந்த பிறகே பணம் கட்டுங்கள்.