பழைய காரின் தரையிலிருந்து தார் ஷீட் எடுக்க டிரை ஐஸ்: ஒரு பத்மினியில் செய்து பார்த்த மதிப்பீடு

1986-இல் வெளிவந்த எங்கள் பிரீமியர் பத்மினியின் உட்புறத் தரையில் ஒட்டியிருந்த பழைய தார் ஷீட்டுகளை, கடந்த தை மாதத்தில் நானும் என் தம்பியும் சேர்ந்து எடுத்து முடித்தோம். கிரைண்டரில் மாட்டும் கம்பி பிரஷ், சூடான காற்றை ஊதும் ஹீட் கன், கடுங்குளிரில் உறைந்த டிரை ஐஸ் ஆகிய மூன்றையும் இந்த வேலைக்குப் பயன்படுத்திப் பார்த்துவிட்டதால், இவற்றில் அதிகம் செலவு வைத்த டிரை ஐஸ் அந்த விலைக்குத் தகுதியானதுதானா என்பதை விரிவாகப் பதிவு செய்கிறேன். சமதளமான இடங்களில் அதற்கு ஈடாக வேறு எதுவும் இல்லை என்பதே என் முடிவு. வளைவுகளிலும் செங்குத்தான பக்கங்களிலும் அது பெரிதாகக் கைகொடுக்காது என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

பத்மினிக்குத் தனியாக சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. இத்தாலியின் ஃபியட் 1100 வழிவந்த இந்த வண்டியில் தரைத்தகடு, பக்கத்துச் சட்டங்கள், கூரை எல்லாம் ஒன்றாக வெல்டிங் செய்யப்பட்டு, அந்தக் கூடுதான் முழுச் சுமையையும் தாங்குகிறது. ஆகவே தரையில் துரு விழுந்தால் அது அழகு சார்ந்த குறையாக நிற்பதில்லை. வண்டியின் உறுதியையே அரிக்கிறது. தார் ஷீட்டின் வேலை, தகட்டின் அதிர்வைத் தனக்குள் வாங்கி வெப்பமாக மாற்றி, தகடு தப்பட்டை போல ஒலிக்காமல் பார்த்துக்கொள்வது. புதிதாக இருக்கும்வரை அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. ஆண்டுகள் போகப்போகப் பசைத்தன்மை குறைந்து இறுகி விரிசல் விடும்போது, அந்த விரிசல் வழியே இறங்கும் நீர் வெளியேற வழியில்லாமல் ஷீட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே தங்கிவிடுகிறது. முன்கண்ணாடியின் ரப்பர் காய்ந்துபோன பழைய வண்டிகளில் ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் கால் வைக்கும் பள்ளத்தில் ஈரம் சேரும்; மேலே ரப்பர் மேட் மூடியிருப்பதால் நம் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

வேலையைத் தொடங்குவதற்கு முன் செய்த ஒரு காரியத்தை யாரும் தவிர்க்கக் கூடாது. பழைய தார் ஷீட்டுகள் சிலவற்றில், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழைகள் கலக்கப்பட்டிருந்தன. வெறும் கண்ணால் பார்த்து அதை யாராலும் சொல்ல முடியாது. எனவே ஓரத்தில் தண்ணீர் தெளித்து நனைத்து, சிறு துண்டு ஒன்றை வெட்டி, பிளாஸ்டிக் உறையில் அடைத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினோம். கல்நார் இல்லை என்று முடிவு வந்த பிறகுதான் சுத்தியலைக் கையில் எடுத்தோம். இருக்கிறது என்று வந்திருந்தால் இந்த வேலையை வீட்டு வாசலில் வைத்துச் செய்திருக்கவே மாட்டேன். டிரை ஐஸ் முறையும் ஷீட்டை உடைத்துத்தான் எடுக்கிறது என்பதால் அதற்கும் இதே விதி பொருந்தும்.

கம்பி பிரஷைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. சுழலும் வேகத்தில் தார் சூடேறி இளகி, எடுக்க வேண்டிய இடத்தை விட்டுச் சுற்றிலும் பூசிக்கொள்கிறது. பறக்கும் தூசி மூக்குக்குள் போகிறது. கை சற்று அழுந்தினால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே உள்ள தகடு தேய்கிறது. ஒரு சாண் இடத்துக்கு மேல் நாங்கள் அதைத் தொடரவில்லை.

டிரை ஐஸ் என்பது திடநிலையில் உள்ள கார்பன் டை ஆக்சைடு. மைனஸ் 78.5 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியில் இருக்கும் அது உருகி நீராவதில்லை. நேராக வாயுவாக மாறிவிடுகிறது. அந்தக் குளிரில் தார் கண்ணாடி போல நொறுங்கும் தன்மையை அடைவதோடு, எஃகைவிடப் பலமடங்கு அதிகமாகச் சுருங்கவும் செய்வதால், இரண்டுக்கும் இடையே உள்ள பிடிப்பு தானாகவே விட்டுப்போகிறது. அம்பத்தூர்ப் பக்கம் மருந்து அனுப்புவோருக்கும் ஐஸ்கிரீம் வியாபாரிகளுக்கும் டிரை ஐஸ் கொடுக்கும் விற்பனையாளர் ஒருவரிடம் கிலோ 110 ரூபாய் வீதம் முதல் தவணையாக 15 கிலோ வாங்கினோம். சனிக்கிழமை மாலை வாங்கித் தெர்மோகோல் பெட்டியில் வைத்தது தவறு. மறுநாள் காலையில் எடை போட்டபோது 12 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவே இருந்தது. அடுத்த முறை வேலை செய்யும் அன்றே விடியற்காலையில் போய் 10 கிலோ வாங்கி வந்தோம். கட்டிகளாக வாங்குவதைவிடச் சிறு உருளைகளாக வாங்குவதே நல்லது, ஏனென்றால் பெரிய கட்டி தரையின் மேடுபள்ளங்களோடு ஒட்டி உட்காருவதில்லை. எங்களுக்கு முதல் முறை கட்டிதான் கிடைத்ததால், சாக்கில் போட்டுச் சுத்தியலால் உடைத்துப் பரப்பினோம்.

ஓட்டுநர் பக்கத்துப் பள்ளத்தில் ஒரு சதுர அடிக்கு இரண்டு விரல் கனத்தில் பரப்பி, மேலே மடித்த சாக்கைப் போட்டு மூடிவிட்டுக் காத்திருந்தோம். ஏழு, எட்டு நிமிடத்தில் சாக்குக்கு அடியிலிருந்து அப்பளம் முறிவது போன்ற சத்தம் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியது. பத்தாவது நிமிடத்தில் ஐஸைப் பக்கத்துச் சதுரத்துக்குத் தள்ளிவிட்டு, ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டியபோது, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்திருந்த ஷீட் உள்ளங்கை அகலத் துண்டுகளாகப் பெயர்ந்து வந்தது. துண்டுகளின் அடிப்புறத்தில் தகட்டின் வரிகள் அச்சு எடுத்தது போலப் பதிந்திருந்தன. தகட்டில், தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் பல இடங்களில் பளபளப்புக் குறையாமல் அப்படியே இருந்தது. ஹீட் கன்னும் சுரண்டியும் கொண்டு அரை நாள் செய்திருக்க வேண்டிய வேலை அந்தப் பள்ளத்தில் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. ஓங்கி அடிக்க வேண்டிய தேவையே இல்லை. அடிக்கவும் கூடாது, ஏனென்றால் அந்தக் குளிரில் சாதாரண எஃகும் முறியும் தன்மையை நெருங்குகிறது, தரைத்தகட்டின் ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளும் பக்கத்திலேயே இருக்கின்றன.

கிளட்ச் பெடலுக்குக் கீழே மட்டும் தட்டும் சத்தம் மாறியது. ஷீட்டை எடுத்துப் பார்த்தால், உள்ளங்கை அளவு ஓட்டையின் மேல் ஒரு தகரத் துண்டை ரிவிட் அடித்து, வெல்டிங்கே இல்லாமல், அதன் மேல் தாரை ஊற்றி மூடியிருந்தார்கள். பல ஆண்டுகளுக்கு முன் தரை முழுவதையும் சரிசெய்துவிட்டதாகச் சொல்லி என் தந்தையிடம் பணம் வாங்கிய ஒரு பட்டறையின் வேலை அது. அந்த ஓட்டையின் மேல் கால் வைத்துத்தான் அப்பா அத்தனை ஆண்டுகள் வண்டி ஓட்டியிருக்கிறார் என்று நினைத்தபோது இருவருக்குமே பேச்சு வரவில்லை. பழைய கார் வாங்க நினைப்பவர்கள், தரையில் புதிய தார் பளபளத்தால் மகிழ்ச்சி அடையாமல், அதன் அடியில் என்ன இருக்கிறது என்று ஓரிடத்திலாவது பெயர்த்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

டிரை ஐஸின் குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது, மூச்சு. ஒரு கிலோ டிரை ஐஸ் ஏறத்தாழ 540 லிட்டர் வாயுவாக விரிகிறது. ஐந்து கிலோ என்றால் 2,700 லிட்டர். காற்றைவிடக் கனமான அந்த வாயு, நாம் தலையைக் குனிந்து வேலை செய்யும் அதே பள்ளத்தில்தான் போய்ச் சேரும். நாங்கள் நான்கு கதவுகளையும் கழற்றிவிட்டு, திறந்த வெளியில் பெடஸ்டல் ஃபேன் ஓடவிட்டுத்தான் செய்தோம். ஒருவர் உள்ளே குனிந்திருக்கும்போது மற்றவர் பக்கத்திலேயே நின்றோம். மூடிய ஷெட்டில் இதைச் செய்வது உயிருக்கே ஆபத்து. காற்றுப் புகாத பாத்திரத்தில் அடைத்து வைத்தால் பாத்திரம் வெடிக்கும். வெறுங்கையால் தொட்டால் தோல் வெந்துபோகும் என்பதால், கனமான தோல் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் கிட்டவே போகக் கூடாது.

இரண்டாவது, ஈரம். சென்னைக் காற்றில் உள்ள ஈரப்பதம் குளிர்ந்த தகட்டின் மேல் வெண்பனியாகப் படிந்து, சற்று நேரத்தில் நீராகி நிற்கிறது. முதல் நாள் அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிட்டோம். பெயின்ட் போயிருந்த இடங்களில் மாலைக்குள் ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய துரு பூத்துவிட்டது. அடுத்த முறை, ஒவ்வொரு சதுரமும் பழைய சூட்டுக்குத் திரும்பியவுடன் துணியால் துடைத்து, ஹீட் கன்னைத் தூரத்தில் பிடித்து உலர்த்திவிட்டுத்தான் அடுத்த இடத்துக்குப் போனோம்.

என்ஜினின் விசையைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஓடும் டனலின் (தரையின் நடுவே உள்ள நீள மேட்டின்) பக்கங்களில் ஐஸ் நிற்காமல் சரிந்து விழுந்தது. துணிப்பையில் கட்டி அழுத்திப் பிடித்தும் பாதிதான் பெயர்ந்தது. அங்கே ஹீட் கன் தான் சரியான கருவி. 300 டிகிரி அளவில் வைத்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருந்தால், தார் உருகாமல் வெல்லப்பாகின் பதத்துக்கு வரும்; அந்தக் கணத்தில் பட்டிக் கத்தியை அடியில் செலுத்தினால் பட்டையாக உரிந்து வரும். அதற்கு மேல் சூடாக்கினால் ஒழுகிப் பரவி, வேலை இரட்டிப்பாகிறது. புகையும் தொண்டையைக் கமறவைக்கிறது. தரைக்கு அடியில் பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் எந்த வழியாகப் போகின்றன என்று படுத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளாமல் ஹீட் கன்னை இயக்கக் கூடாது. அருகில் தீயணைப்பான் இருந்தே ஆக வேண்டும்.

இரண்டு முறையிலும் ஒரு மெல்லிய கறுப்புப் படிவு மிஞ்சத்தான் செய்கிறது. ஹீட் கன்னை அணைத்து, தகடு முழுக்க ஆறிய பிறகு, மினரல் டர்பன்டைனில் நனைத்த துணியால் இரண்டு, மூன்று தடவை துடைத்ததில் அது போய்விட்டது. தகடுகள் சேரும் இடங்களில் உள்ள சீலன்ட் நன்றாக இருந்தால் அதைச் சுரண்டாமல் விடுவதே நல்லது. எங்களுடையதில் இரண்டு இடங்களில் உடைந்திருந்ததால் புதிதாகப் போட்டோம். ஓட்டைக்குப் புதுத் தகடு வெட்டி வெல்டிங் செய்து, துருவைத் தடுக்கும் எபாக்ஸி பிரைமர் அடித்து, அதன் மேல் தாருக்குப் பதிலாக அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் (ஒரு வகை ரப்பர்) ஷீட் போட்டிருக்கிறோம். தரை முழுவதையும் மூடாமல், தட்டினால் அதிகம் ஒலிக்கும் நடுப்பகுதிகளில் மட்டும் ஒட்டியதே போதுமானதாக இருக்கிறது. நாளை எங்காவது நீர் இறங்கினாலும் கண்ணில் படும்.

டிரை ஐஸுக்கு மட்டும் 2,750 ரூபாய் ஆனது. நான்கு பள்ளங்களுக்கும் பின் இருக்கையின் அடிப்பகுதிக்கும் அது சரியாக இருந்தது. டிக்கியின் தரை இன்னும் மீதமிருக்கிறது. அதற்கு உருளை வடிவில்தான் 8 கிலோ சொல்லியிருக்கிறேன், பெட்ரோல் டாங்கை முழுவதுமாகக் கழற்றி வைத்த பிறகுதான் போய் எடுத்து வரப் போகிறோம்.