அம்பாசிடர் டைமிங்: பல்பா, டைமிங் லைட்டா, காதா?

அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினுக்கு டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) வைக்க மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. எஞ்சினை நிறுத்தி வைத்து டெஸ்ட் பல்பு, ஓடவிட்டு டைமிங் லைட், இரண்டும் இல்லையென்றால் காது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் புதிதென்றால் மூன்றும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். தேய்ந்த டிஸ்ட்ரிபியூட்டரில்தான் வித்தியாசம் தெரியும்.

எதில் இறங்கினாலும் முதல் வேலை, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடி பொறியை உண்டாக்கும் பாயின்ட்டின் இடைவெளி. லூகாஸ் 25டி வகைக்கு 0.35 முதல் 0.40 மி.மீ. இடைவெளி கூடினால் பாயின்ட் சீக்கிரம் திறந்து டைமிங் தானாக அட்வான்ஸ் ஆகிவிடும், அதாவது பொறி முன்னதாக விழும். அதனால் டைமிங் வைத்த பிறகு பாயின்ட்டைத் தொட்டால் எல்லாம் மறுபடி முதலிலிருந்துதான். மேடு பள்ளமான பாயின்ட்டில், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் காட்டுவது பொய், புதிது போட்டுவிடுங்கள்.

டெஸ்ட் பல்புக்குச் செலவே இல்லை. நான்கு பிளக்கையும் கழற்றினால் ஹேண்டில் லேசாகச் சுற்றும். ஒன்றாம் சிலிண்டரின் பிளக் துளையை விரலால் அடைத்துக்கொண்டு சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளினால் அது கம்ப்ரஷன். புல்லியின் வெட்டுக்குறி, மேனுவல் சொல்லும் டிகிரிக்கான முள்ளுக்கு நேரே வரவேண்டும். நீளமான முள் டிடிசி (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்), மற்றவை அதற்கு முந்தைய 5, 10 டிகிரி. பல எஞ்சின்களில் இந்த முட்கள் அடிப்பக்கம் இருக்கும், படுத்துத்தான் பார்க்க வேண்டும். 12 வோல்ட் சின்ன பல்பின் ஒரு ஒயரை டிஸ்ட்ரிபியூட்டரின் லோ டென்ஷன் முனையிலும் மற்றதை பாடியிலும் கொடுத்து, இக்னிஷனைப் போடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பும்போது பல்பு எரியும் கணம்தான் பாயின்ட் திறக்கும் கணம். உள்ளே சுழலும் ரோட்டார் இடஞ்சுழியாக ஓடுவதால், டிஸ்ட்ரிபியூட்டர் உடலை வலஞ்சுழியாகத் திருப்பினால் அட்வான்ஸ். எஞ்சினைச் சுற்றும்போது புல்லிக் குறி முள்ளைத் தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னுக்குப் போய், ஓடும் திசையிலேயே மறுபடி கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் டைமிங் செயினின் தளர்வும் கணக்கில் சேர்ந்துவிடும்.

பல்புக்குத் தெரிவது நிற்கிற எஞ்சின் மட்டும். ஷாஃப்ட் புஷ் தேய்ந்து ஆடுவதும், வேகம் கூடக்கூட விரிந்து டைமிங்கை அட்வான்ஸ் செய்யும் வெயிட் உள்ளே ஒட்டிக்கொண்டிருப்பதும் அதற்குத் தெரியாது. டைமிங் லைட்டில் அதெல்லாம் பளிச்சென்று தெரியும். கிளாம்ப்பை ஒன்றாம் பிளக் ஒயரில் மாட்டி, டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐட்லிங்கில் பாருங்கள். குறி ஒரே இடத்தில் நிற்காமல் தாவினால் புஷ் போயிற்று. ஆக்ஸிலரேட்டரை மெல்லக் கூட்டும்போது குறி சீராக நகர வேண்டும். நகராவிட்டால் வெயிட் துருப்பிடித்து இறுகியிருக்கும். போய்த் திரும்பி வராவிட்டால் ஸ்பிரிங் பழுது.

டைமிங் லைட்டில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: ஸ்டாட்டிக் (எஞ்சின் நிற்கும்போதைய) எண்ணை அப்படியே ஐட்லிங்கில் வைப்பது. அந்த வேகத்திலேயே வெயிட் கொஞ்சம் விரிந்திருக்கும். இதே பி-சீரிஸ் எஞ்சின் குடும்பத்து எம்ஜிபி காரின் எஞ்சினுக்கு ஸ்டாட்டிக் 10 டிகிரி, 600 ஆர்பிஎம்மில் 14. இதைக் கவனிக்காமல் ஓடும்போது 10-இல் நிறுத்தினால் வண்டி 4 டிகிரி ரிடார்ட், அதாவது பொறி தாமதம். இழுவை குறையும், சூடு ஏறும், காரணம் கடைசிவரை பிடிபடாது.

காது முறை? டாப் கியரில் மெதுவாகப் போய் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து, லேசான நாக்கிங் (எஞ்சினில் வரும் டக்டக் சத்தம்) கேட்டு மறையும் அளவுக்கு வைப்பது. இன்றைய பெட்ரோலுக்கு ஏற்ப இறுதியாக ஒரு டிகிரி அங்கே இங்கே நகர்த்த நல்லது, அவ்வளவுதான். வேகமாக ஓடும்போது வரும் நாக்கிங் காற்றுச் சத்தத்தில் கேட்காது. பிஸ்டனை ஓட்டையாக்குவது அதுதான். வேக்குவம் கேஜில் உச்ச அளவு தேடி வைப்பதும் இதே ரகம். ஐட்லிங்கில் எஞ்சின் கேட்கும் அட்வான்ஸ் லோடில் தாங்காது.

டைமிங் லைட் இருந்தால் அதுதான் முதல் தேர்வு. எஞ்சினைப் பிரித்துப் பூட்டியதும் முதல் ஸ்டார்ட்டுக்கு மட்டும் பல்பு. டைமிங்கை நுணுக்கமாக நகர்த்தும் வெர்னியர் திருகு உள்ள டிஸ்ட்ரிபியூட்டரில் 11 கிளிக் ஏறக்குறைய ஒரு டிகிரி. சாலையில் செய்யும் திருத்தத்துக்கு டிஸ்ட்ரிபியூட்டரின் கிளாம்ப்பைத் தளர்த்தவே வேண்டாம். தளர்த்தியிருந்தால் போல்ட்டை இறுக்கிய பிறகு இன்னொருமுறை பாருங்கள், இறுக்கும்போதே உடல் கொஞ்சம் திரும்பும்.