மொரிஸ் மைனர் பிக்கப்: திருகோணமலையில் ஓட்டியதும் விற்றதும்

பழைய வாகனத்தைத் திருத்தி விற்க நினைப்பவர்கள் அநேகமாகப் பெயின்றுக்குத்தான் காசைக் கொட்டுகிறார்கள். ஆனால் திருகோணமலை மாதிரிக் கடல் சூழ்ந்த ஊரிலிருந்து விற்பதென்றால், வாங்க வருகிறவர் வந்த கையோடு குனிந்து அடியைத்தான் பார்க்கிறார். எங்கள் மொரிஸ் மைனர் பிக்கப்பைப் பல வருடம் ஓட்டி, முழுதாகத் திருத்தி, அதன் பிறகும் ஆசை தீர ஓட்டி, கடைசியில் நல்ல கையில் கொடுத்தாயிற்று. இதே வேலையில் இறங்க இருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் வாகனத்தைப் பற்றி. மைனர் காருக்குத் தனிச் சசி, அதாவது உடலைத் தாங்கும் இரும்பு அடிச்சட்டம், இல்லை. பிக்கப்புக்கும் வானுக்கும் உண்டு. இவற்றை 1953 முதல் 1971 வரை இங்கிலாந்தில் செய்தார்கள். எங்களுடையது 1962க்குப் பிறகு வந்த 1098 சிசி எஞ்சின், நம்பர் தகட்டில் ஸ்ரீ எழுத்துள்ள பழைய பதிவு. கடைக்குச் சாமான் ஏற்ற அப்பா வாங்கியது, பிறகு என் கைக்கு வந்தது. சீமெந்துப் பை, தேங்காய், வெங்காய மூடை, திருவிழாவுக்குச் சமையல் பாத்திரம் என்று ஏற்றாதது இல்லை. மீன் மட்டும் ஏற்றவில்லை. ஐஸ் கரைந்து வழியும் உப்புத் தண்ணீர் பின்பெட்டித் தகரத்தின் மடிப்புக்குள் இறங்கினால் பிறகு அதை வெளியே எடுக்க வழியில்லை. திருக்கடலூரில் வேண்டியவர்கள் கேட்டபோதும் மன்னிப்புக் கேட்டு மறுத்தேன்.

மணிக்கு 60 கிலோமீற்றரில் விட்டால் சுகமாகப் போகும். அதற்கு மேல் மிதித்தால் சத்தம்தான் கூடும். ஸ்டியரிங் ரக் அண்ட் பினியன் என்பதால் அந்தக் காலத்து வாகனமா என்று கேட்கும் அளவுக்குச் சொன்னபடி கேட்கும். பிரேக் நான்கு சக்கரத்திலும் டிரம். முன்னால் போகிற பஸ்ஸுக்கும் நமக்கும் நல்ல இடைவெளி வேண்டும். பெட்டி வெறுமையாக இருந்தால் பின்பக்கத் தகட்டு ஸ்பிரிங் தூக்கிப் போடும், இரண்டு மூடை ஏற்றினால் அடங்கிவிடும். ஹபரணை வரை வெயிலில் போய் வந்தும் சூடு ஏறியதில்லை.

கறள்தான் இந்த ஊரில் எதிரி. கச்சான் அடிக்கிற மாதங்களில் எல்லாம் காய்ந்து நன்றாக இருப்பது போலத் தெரியும். வாடை மழை தொடங்கியதும், சசிக்குள் ஏற்கெனவே படிந்திருக்கும் உப்பு ஈரம் குடித்து வேலையைத் தொடங்கும். திருத்துவதற்காகக் கழற்றியபோது மட்காட்டின் மேற்பக்கம் பளபளவென்று இருந்தது. பின் ஸ்பிரிங்கைச் சசியோடு பூட்டும் இடமோ ஸ்குரூடிரைவரால் குத்தியதும் செதில் செதிலாக உதிர்ந்தது. டிங்கரிங் பாஸ் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: “பட்டி பூசினா ஒரு மாரிக்குத்தான் தம்பி தாங்கும். வெட்டி எடுத்திட்டு நல்ல இரும்பு வைப்பம்.” அந்த மனிதரின் நேர்மைக்குத்தான் பின்னால் எனக்கு விலை கிடைத்தது என்று இப்போதும் நம்புகிறேன். வெட்டிய இடம், வைத்த தகடு, வெல்டிங் தையல் எல்லாவற்றையும் பெயின்ற் பூசுவதற்கு முன் படம் எடுத்து வைத்தேன். சசியின் உட்புறத்துக்குப் பழைய ஒயில் அடித்தோம். ஒவ்வொரு வருடமும் வாடைக்கு முன் அதையே திரும்பச் செய்து வந்தேன்.

மைனர் வைத்திருப்பவர்கள் தெரிந்திருக்க வேண்டிய இன்னொரு இடம் முன்சக்கரத்தின் கீழ் டிரனியன். சக்கரத்தைத் திருப்பும் தண்டு அதற்குள் மரையில் சுழல்கிறது. கிறீஸ் போகாமல் மரை தேய்ந்தால் ஒருநாள் தண்டு கழன்று சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். உயிரோடு விளையாடுகிற விசயம். கிறீஸ் அடிக்க ஐந்து நிமிடம் போதும், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நம் நாட்டில் நின்றுவிட்டது. பழைய எஞ்சினின் வால்வு இருக்கைகள் தேயாமலிருக்க அந்த ஈயத்தை நம்பியவை. ஹெட்டைக் கழற்றிய கையோடு கடினமான இருக்கைகளை வைத்தது திருத்தவேலையில் நான் செய்த மிக நல்ல செலவு.

சரி, விற்பனைக்கு வருவோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய வாகனம் எல்லாவற்றுக்கும் விலை ஏறிக்கொண்டே போனது. 2025இல் இறக்குமதி திறந்ததும் தரகர்களின் பேச்சு மாறியது. “இனிப் புதுசு வருது அண்ணை, உங்கட பழசை ஆர் வாங்கப்போறான்?” என்று ஒருவர் அடிமாட்டு விலை சொன்னார். நான் அசையவில்லை. சாமான் ஏற்ற பிக்கப் தேடுகிறவர்தான் புதிய வாகனத்தோடு ஒப்பிடுவார். மைனரைத் தேடி வருகிறவருக்கு மைனர்தான் வேண்டும். அவருக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும். ஜப்பான் எஞ்சின் வைத்துக் கொடுத்தால் உடனே போகும் என்றும் சிலர் சொன்னார்கள். அப்படிச் செய்திருந்தால் சரியான ஆள் வந்த வழியே திரும்பியிருப்பார்.

வந்தவர் கண்டிப் பக்கம், பழைய வாகனங்களில் உண்மையான பிரியம் உள்ளவர். வயதான மெக்கானிக் ஒருவரையும் கூட்டி வந்தார். அவர் பெயின்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சாக்கை விரித்து அடியில் படுத்து, சிறு சுத்தியலால் சசியை ஓர் அந்தத்திலிருந்து மறு அந்தம் வரை தட்டிக் கேட்டார். பிறகு எஞ்சின் பிளாக்கில் தறைந்திருக்கும் சிறு தகட்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, அதிலுள்ள எஞ்சின் இலக்கத்தை ஒவ்வொன்றாக வாசித்து வாகனப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டார். பற்றரியின் பொசிற்றிவ் முனை வாகன உடலில் பூட்டியிருப்பதைக் கண்டதும் முகம் மலர்ந்தது. “மாத்தாம வச்சிருக்கிறீங்க தம்பி, சந்தோசம்,” என்றார். மைனர் தொழிற்சாலையிலிருந்து வந்ததே அப்படித்தான். நான் படங்களை எடுத்துக் காட்டியபோது உள்ளே வெட்டிய இடங்களை அவரே வாகனத்தில் தேடிச் சரிபார்த்தார். அதற்குப் பிறகு விலை பேச அதிக நேரம் எடுக்கவில்லை. தரகர் சொன்னதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு முடிந்தது.

காகித விசயத்தில் ஒரு சொல். இதற்கு முன் வந்த ஒரு பார்ட்டி ஓப்பன் பேப்பரில், அதாவது வாங்குபவர் பெயரை நிரப்பாத உரிமை மாற்றப் படிவத்தில், கையெழுத்து வைத்துத் தரச் சொன்னார், காசும் கூடுதலாகத் தருவதாகச் சொன்னார். மறுத்துவிட்டேன். உரிமை மாறும்வரை வீதியில் எது நடந்தாலும் தேடி வருவது புத்தகத்தில் பெயர் உள்ளவரைத்தான். 2022இல் பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். குறியீடு வந்தபோது, பெயர் மாற்றாத வாகனம் வைத்திருந்தவர்கள் பழைய சொந்தக்காரரைத் தேடி அலைந்ததையும் கண்டேன். கண்டிக்காரர் படிவங்களில் என் முன்னாலேயே கையெழுத்து வைத்து, பெயர் மாறியதும் புதுப் புத்தகத்தின் படத்தை அனுப்பினார். நிறம் புத்தகத்தில் உள்ளதே இருந்ததால் அந்தத் திருத்தமும் தேவைப்படவில்லை. திருத்தும்போது விருப்பத்துக்கு நிறம் மாற்ற ஆசைப்படுகிறவர்கள் இதையும் யோசியுங்கள்.

மழைக்காலத்தில் அவர் அழைத்தார். சாவியைத் திருப்பினால் எஸ்.யூ. பெற்றோல் பம்பின் டிக் டிக் சத்தம் வரவில்லையாம். பம்பை மெல்லத் தட்டச் சொன்னேன், அடிக்கத் தொடங்கியது. அது தற்காலிகம்தான், மூடியைக் கழற்றி, மின்சாரம் தொட்டு விடும் பொயின்றைத் துடைக்க வேண்டும், தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் தேடப் போகிறேன் என்றார். போகத் தேவையில்லை, ஆசனத்துக்குப் பின்னால் நான் வைத்துவிட்ட தகரப் பெட்டியில் புதுச் செற் ஒன்று இருக்கிறது என்றேன்.