கிரெடிட் ஸ்கோரைச் சரி செய்து தருகிறோம் என்றார்கள். 11,800 ரூபாய் போய்விட்டது

நேற்று மாலைதான் விஷயம் முழுதாகப் புரிந்தது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. வீட்டுக் கடனுக்கு அலையும் யாரும் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எதில் ஏமாந்தேன், என்ன செய்ய வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன்.

கிரெடிட் ஸ்கோர் என்பது கடனை எப்படித் திருப்பிக் கட்டினோம் என்பதை வைத்து நமக்குப் போடும் மதிப்பெண். போனில் அதை இலவசமாகக் காட்டும் ஒரு ஆப்பில் மாதாமாதம் பார்த்து வந்தேன். 782. அதை நம்பித்தான் வங்கிக்குப் போனேன். அங்கே அதிகாரி, "உங்க சிபில் ஸ்கோர் 706 காட்டுது சார், இந்த ஸ்கோருக்கு வட்டி கூடும்" என்றார். 76 புள்ளி எங்கே போனது? அவருக்கு விளக்க நேரமில்லை.

அன்று ராத்திரியே நெட்டில் தேடி, ஸ்கோர் திருத்தும் ஒரு ஏஜென்சியில் நம்பரைக் கொடுத்தேன். மறுநாள் காலை ஒரு பெண் பேசினார். நல்ல தமிழ், பொறுமையான குரல். "அண்ணா, ரெண்டு இடத்துல ரெண்டு ஸ்கோர் வந்தாலே உங்க கடன் ரிப்போர்ட்ல தப்பு இருக்குன்னு அர்த்தம். 45 நாள்ல 780-க்குக் கொண்டு வந்துடலாம்." பத்தாயிரம், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 11,800. ஜிஎஸ்டி நம்பரோடு பில் வந்ததும் என் சந்தேகம் போய்விட்டது. திருட்டுக் கும்பல் பில் போடுமா என்று என் மனைவியிடம் வாதாடினேன். பான் கார்டு கொடுத்தேன். "ரிப்போர்ட் எடுக்க" என்று கேட்டபோது ஓடிபியும் சொன்னேன்.

45 நாள் முடிந்தது. "டீம் பாத்துட்டிருக்காங்க அண்ணா." அடுத்த வாரம், "வங்கிப் பக்கம் தாமதம்." அதற்கடுத்த வாரம் வேறொரு ஆள் எடுத்து, "டிக்கெட் க்ளோஸ் ஆயிடுச்சு, ரீஃபண்ட் பாலிசியில இல்ல" என்று வைத்துவிட்டான். அந்தப் பெண்ணின் நம்பர் இப்போது போகவே இல்லை.

நேற்று நானே சிபில் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். 681! நான் கேட்காத மூன்று கிரெடிட் கார்டுகளுக்கு என் பேரில் விண்ணப்பம் போயிருக்கிறது. விண்ணப்பம் வந்ததும் கடன் கொடுப்பவர்கள் நம் ரிப்போர்ட்டைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அது ரிப்போர்ட்டில் பதிவாகும், ஸ்கோரை இழுக்கும். நாமே நம் ரிப்போர்ட்டைப் பார்த்தால் குறையாது.

அந்தப் பெண் சொன்னதே பொய். நாட்டில் ஸ்கோர் போடும் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். எல்லாமே 300 முதல் 900 வரைதான், ஆனால் கணக்குப் போடும் முறை ஒவ்வொன்றுக்கும் தனி. என் ஆப் காட்டியது வேறொரு நிறுவனத்தின் ஸ்கோர், வங்கி பார்த்தது சிபில். அதோடு, ஃப்ரிட்ஜுக்கு வாங்கிய பழைய தவணைக் கடன் ஒன்று அந்த நிறுவனத்தின் ரிப்போர்ட்டில் 'க்ளோஸ்டு' என்றிருக்கிறது, சிபிலில் 'செட்டில்டு' என்றிருக்கிறது. செட்டில்டு என்றால் முழுதாகக் கட்டாமல் பேசி முடித்த கடன். நான் கடைசித் தவணை வரை கட்டியவன், ரசீது பீரோவில் இருக்கிறது. இந்த ஒரு வார்த்தையை மாற்றச் சொல்லிப் புகார் கொடுக்க ஒரு பைசா செலவில்லை. அதற்குத்தான் 11,800 ரூபாய் அழுதிருக்கிறேன்.

விவரமாக எழுத நினைத்தேன், முடியவில்லை, சைபர் கிரைமுக்குக் கிளம்ப வேண்டும். சுருக்கமாக: நான்கு நிறுவனமும் வருடத்துக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும், அவர்கள் தளத்திலேயே நேராக எடுங்கள். கடன் கேட்கும் முன் அந்த வங்கி எந்த ஸ்கோரைப் பார்க்கும் என்று கேளுங்கள். தப்பு இருந்தால் ஸ்கோர் நிறுவனத்துக்கும் கடன் கொடுத்தவருக்கும் எழுதுங்கள். 30 நாளில் முடிக்காவிட்டால் அதற்குமேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஓடிபி யாருக்கும் சொல்ல வேண்டாம். பணம் போனால் அன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள், என்னைப் போல இரண்டு மாதம் கழித்து அல்ல.